பழங்கஞ்சி கெட்ட வார்த்தை இல்லை

(குடியாத்தத்தில் கெங்கையம்மன் திருவிழாவையொட்டி நடந்த பட்டிமன்றத்தில், 'மனித வாழ்வை உயர்த்துவது வேகமா, நிதானமா?' என்ற தலைப்பில், 'நிதானமே' அணியில் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியிலும் எனக்கு முன்னால் பேசி அமர்ந்தவர்களுக்கும், திருவிழாவுக்காகப் பிறந்த வீடு வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும், கடைசி பஸ் போனாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் எழுந்ததுமே ஒரு பழமொழியை எடுத்து வீசினார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி. சூட்டோடு சூடாக முடிக்காத காரியம் எதற்கும் உதவாது" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் வட ஆற்காட்டில் நின்றுகொண்டு பழங்கஞ்சியை இப்படிக் குறைத்துப் பேசலாமா, நடுவர் அவர்களே?

ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுகிற கூழ் எப்படி வருகிறது என்று இங்கே இருக்கிற தாய்மார்களைக் கேளுங்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்து மூடி வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க அது புளிக்கும். காலையில் மூடியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். மேலே சின்னச் சின்னக் குமிழாக நுரை கட்டியிருக்கும். அந்த நுரையைப் பார்த்துத்தான் 'மாவு புளிச்சிருச்சு' என்பார் என் பாட்டி. அப்புறம் அரிசி நொய்யை வேகவிட்டு, அது குழைந்து வரும்போது மாவை ஊற்றி, துடுப்பு போட்டுக் கிளற வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். கையை ஈரமாக்கிக்கொண்டு தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் இறக்குவார்கள். இறக்கினதும் குடிக்க முடியுமா? முடியாது. இன்னொரு ராத்திரி அது ஆற வேண்டும். மறுநாள் காலையில்தான் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்புமாகத் தெருவுக்கே ஊற்றுவார்கள். இரண்டு ராத்திரியை முழுங்கிய கூழ் அது. அண்ணன் சொன்ன மாதிரி சூட்டோடு சூடாக ஊற்றினால் அம்மனும் குடிக்க மாட்டாள், நாமும் குடிக்க மாட்டோம். பழங்கஞ்சி இந்த ஊரில் கெட்ட வார்த்தை இல்லை, அண்ணா.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிதானம் என்றால் மெதுவாகச் செய்வது, மெதுவாகச் செய்வது என்றால் சோம்பேறித்தனம் என்று எதிரணி கணக்குப் போட்டுக்கொண்டு பேசியது. எங்கள் கணக்கு வேறு. தமிழில் 'பதம்' என்று ஒரு சொல் இருக்கிறது. சோறு பதம், பாகு பதம், மண் பதம் என்கிறோம். என் தாத்தா வேர்க்கடலை போட்டவர். மழை பெய்த மறுநாளே ஏர் பூட்டினால் மண் அப்பும். நாலைந்து நாள் விட்டுவிட்டால் கட்டி தட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாள் வரும்வரை தாத்தா தினமும் போய் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, பிடித்து, உதிர்த்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். ஊரில் சிலர் அவரைச் சோம்பேறி என்றுகூட நினைத்திருப்பார்கள். பதம் வந்த அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்கு மாட்டை அவிழ்த்தால் இருட்டும்வரை நிறுத்த மாட்டார். அன்றைக்கு அவரோடு ஓடி யாரும் ஜெயிக்க முடியாது. காத்திருந்த நாட்களும் ஓடிய ஒரு நாளும் சேர்ந்ததுதான் அவருடைய நிதானம். வேலைக்கு என்ன நேரம் வேண்டுமோ அதை வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. அவ்வளவுதான்.

உலகத்தில் மக்கள் நேரத்தை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மடகாஸ்கர் தீவில் அரை மணி நேரத்தைச் 'சோறு வேகிற நேரம்' என்றார்களாம். அதைவிடக் குறைவான நேரத்துக்கு 'வெட்டுக்கிளி வறுபடுகிற நேரம்' என்று பேர். நாமும் அப்படித்தானே பேசினோம்? வெற்றிலை போடுகிற நேரம், ஒரு கொதி வருகிற நேரம். கண்ணை ஒரு தடவை இமைக்கிற, விரலை ஒரு தடவை நொடிக்கிற நேரத்தைத்தான் எழுத்தின் ஒலிக்கு அளவாக வைத்து, அதற்கு மாத்திரை என்று பேர் கொடுத்தது தொல்காப்பியம். நாளை அறுபது நாழிகையாகப் பிரித்து, சூரியன் எழுந்ததில் இருந்து எண்ணினோம். ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் இன்றைக்கும் விடியலில் இருந்துதான் மணி எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு மணி ஒன்று.

அந்த சுவாஹிலியில் ஒரு பழமொழி உண்டு. 'ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா.' அவசரத்தில் பரக்கத் இல்லை என்று அர்த்தம். பரக்கத் என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் இருந்து வந்திருக்கிற அண்ணன்மார்கள் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. வீட்டில் அரிசி கொஞ்சமாக இருந்தாலும் எல்லாருக்கும் போதுமானதாக ஆகிறதே, அதற்குப் பேர் பரக்கத். கடலுக்கு அந்தப் பக்கம் கென்யாவிலும் தான்சானியாவிலும் அதே சொல்லை வைத்து, அவசரப்பட்டால் அது வராது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடிகார நேரம் நமக்கு எப்போது வந்தது? ரயிலோடு வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து கிளம்பி வந்து நின்ற இடம் நம்முடைய வாலாஜா ரோடு. பெருமையான விஷயம், நானும் பெருமைப்படுகிறேன். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் தலைக்கு மேல் சூரியன் வந்தால் உச்சி. ரயிலுக்கு அது சரிப்படாது. சென்னை வானாய்வு நிலையத்தின் நேரம் ரயிலுக்கு நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க ஒரே நேரம் என்றார்கள். ரயிலுக்கு அது கட்டாயம் வேண்டும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ரயில் ஓடுவதற்காகக் கொண்டுவந்த நேரத்தில் நாம் ஏன் சாப்பிட வேண்டும், குழந்தையோடு பேச வேண்டும், துக்க வீட்டில் உட்கார வேண்டும்?

எதிரணியில், பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஓர் ஆய்வைச் சொன்னார். அமெரிக்க உளவியல் பேராசிரியர் ராபர்ட் லெவின் 1990களில் 31 நாடுகளின் வேகத்தை அளந்தார் என்றார். சரி, அளந்தார். நகரத்தின் நடுத்தெருவில் தனியாகப் போகிறவர் 60 அடி நடக்க எவ்வளவு நேரம், தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் கேட்டால் கொடுக்க எவ்வளவு நேரம், பேங்க் சுவரில் தொங்கும் கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடுகிறது, இந்த மூன்றையும் வைத்து. முதலிடம் சுவிட்சர்லாந்து. அடுத்து அயர்லாந்து, ஜெர்மனி, ஜப்பான். கடைசி இடம் மெக்சிகோ. தம்பி இதைச் சொல்லிவிட்டு, "முதலில் இருப்பவன் பணக்காரன், கடைசியில் இருப்பவன் ஏழை, கணக்கு முடிந்தது" என்று உட்கார்ந்துவிட்டார்.

கணக்கு முடியவில்லை தம்பி. அதே ஆய்வில், வேகமான இடங்களில் இதய நோயால் சாகிறவர்கள் அதிகம் என்றும் வந்தது. புகை பிடிப்பவர்களும் அங்கே அதிகம். வேகமான இடங்களில் இருப்பவர்கள் தங்கள் வாழ்க்கை திருப்தியாக இருக்கிறது என்று சொன்னார்கள் என்பதும் அதில் வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. கையில் காசு இருந்தால் திருப்தி வரும், யார் இல்லை என்றார்கள்? ஆனால் காசு வேகமாக நடந்ததால் வந்ததா? பணக்கார நாடுகள் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் ஓஇசிடி அமைப்பு வருஷத்துக்கு ஒருவர் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்று கணக்கு எடுக்கிறது. தம்பி ஏழை என்று தள்ளிவிட்ட மெக்சிகோக்காரர் 2,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார், அந்தப் பட்டியலில் மேல் வரிசை. வேகத்தில் மூன்றாவது வந்த ஜெர்மன்காரர் உழைப்பது 1,400 மணி நேரத்துக்கும் குறைவு, பட்டியலில் அடி வரிசை. அங்கே வேலை முடிகிற பொழுதுக்கே 'ஃபையராபெண்ட்' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். முடிந்தது என்றால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு. ஞாயிறு ஓய்வு நாள் என்பதை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரான்சில் 2017இல் இருந்து, வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் தகவலுக்குப் பதில் போடாமல் இருக்கும் உரிமைக்குச் சட்டமே இருக்கிறது. ஓடவும் தெரிந்திருக்கிறது, நிறுத்தவும் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு. நாம் அவர்களிடம் இருந்து ஓடுவதை மட்டும் இறக்குமதி செய்துவிட்டோம். நிறுத்துவதைக் கப்பலில் ஏற்றவே இல்லை. தம்பி, உங்கள் போன் இந்த மேடையில் மட்டும் ஏழு தடவை வெளிச்சம் அடித்தது. பதறிப் பதறி நீங்கள் அதைப் பார்த்தீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம்தான் வந்தது, கோபம் வரவில்லை.

ஜப்பானைச் சொல்லாமல் எதிரணி பேச முடியாது, சொன்னார்கள். 1964லேயே புல்லட் ரயில் விட்ட நாடு, வினாடி தவறாத நாடு. உண்மை. அதே நாட்டில் 2005 ஏப்ரல் 25 அன்று காலை என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். அமாகசாகி என்ற ஊர். 23 வயசுப் பையன் ஒருவன் ரயில் ஓட்டிக்கொண்டு வருகிறான். முந்தின ஸ்டேஷனில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பின்னால் எடுத்து வந்து நிறுத்தியதில் சுமார் ஒன்றரை நிமிஷம் தாமதம். ஒன்றரை நிமிஷம், நடுவர் அவர்களே. தாமதமானால் டிரைவர்களுக்குத் தண்டனை மாதிரியான வகுப்பு உண்டு, அவமானம் உண்டு. அந்த ஒன்றரை நிமிஷத்தைப் பிடிக்க வண்டி ஓடியது. மணிக்கு 70 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவில் 116இல் போய், தடம் புரண்டு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. 107 பேர் செத்தார்கள், அந்தப் பையனும் சேர்த்து. வேலை செய்தே செத்துப் போவதற்கு 'கரோஷி' என்று ஒரு சொல் அந்த மொழியில் இருக்கிறது. அதைத் தடுப்பதற்கு 2014இல் அவர்கள் சட்டம் போட வேண்டி வந்தது.

ஆனால் ஜப்பானை நான் குறை சொல்லிவிட்டுப் போக மாட்டேன். அந்த நாட்டைத் தாங்கி நிற்பது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். இசே என்ற ஊரில் ஒரு பெரிய மரக் கோயில் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பக்கத்து நிலத்தில் அப்படியே புதிதாகக் கட்டுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வழக்கம். 2013இல் கட்டியது 62ஆவது தடவை. மரம் வெட்டுவதில் தொடங்கி அத்தனை சடங்கும் முடிய எட்டு வருஷம் ஆகிறது. இருபது வயசில் எடுபிடியாக வந்த தச்சன், நாற்பதில் கட்டுகிறான், அறுபதில் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறான். கிரேன் கொண்டுவந்து ஆறு மாதத்தில் முடிக்கத் தெரியாத நாடா அது? தொழில் ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போக இருபது வருஷம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். இதைத்தான் நான் பேச வந்தேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை. உலகம் முழுக்கப் போகிற தோல் இங்கே இருந்து போகிறது. ஆயிரக்கணக்கான வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். அந்தத் தொழிலை நான் பழிக்க மாட்டேன். 'தோல் பதனிடுதல்' என்று சொல்கிறோம் பாருங்கள், அந்தப் பெயருக்குள்ளேயும் பதம்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் தோலுக்குப் பதம் கொடுத்தது ஆவாரம்பட்டை. காட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே, பொங்கலுக்குக் காப்பு கட்டுவோமே, அதே ஆவாரை. தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிரும் சதையும் வழித்து, பட்டைச் சாறு நிரப்பிய தொட்டியில் இறக்குவார்கள். சாறு மெல்ல உள்ளே இறங்க வேண்டும். அப்புறம் கடுக்காய்த் தண்ணீர். அப்புறம் எண்ணெய். வாரக்கணக்கில் ஆகும். விளிம்பில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாயின் நடுவில் பதப்படாத பச்சைத் தோல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நடுப்பகுதி வரைக்கும் நிறம் ஏறியிருந்தால்தான் வெளியே எடுப்பார்கள்.

அப்புறம் குரோம் என்ற ரசாயன உப்பால் பதனிடும் முறை வந்தது. பெரிய மர டிரம்மில் தோலைப் போட்டு, குரோம் உப்பைக் கொட்டிச் சுற்றினால் ஓரிரு நாளில் முடிந்தது. 1970களுக்குப் பிறகு முடித்த தோலாக ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று வந்தபோது டிரம் சுற்றுகிற சத்தம் ஊர் ஊராகக் கேட்டது. வாரக்கணக்கு நாள்கணக்கானது. எதிரணி கைதட்ட வேண்டிய இடம் இதுதான்.

அந்த மிச்சமான வாரங்கள் எங்கே போயின? பாலாற்றுக்குப் போயின. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். தோல் பதனிடும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று அதில் இருக்கிறது. குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் சேர்கின்றன என்றும் இருக்கிறது. நிலத்தையும் நீரையும் கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. இன்றைக்கு நாட்டில் எந்த ஆறு கெட்டாலும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவது நம்ம ஊர் வழக்கை. அது பெருமையா, வேதனையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது.

பழைய முறையில் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. உப்பும் சுண்ணாம்பும் அப்போதும் ஆற்றுக்குத்தான் போயின. ஆனால் வாரக்கணக்கில் ஒரு தொட்டி நிறைந்து ஒரு தொட்டி காலியான காலத்தில் ஆறு கொஞ்சம் மூச்சு விட்டது. பாலாறு மேலே ஓடுகிற ஆறு இல்லை, கீழே ஓடுகிற ஆறு. மணலைக் கையால் தோண்டினால் ஊற்று வரும். அந்த ஊற்றுக்கால் தண்ணீரை வைத்துத்தான் இந்தக் கரை முழுக்க விவசாயம் நடந்தது. மணல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கித்தான் அது சுத்தமாகும். அந்த ஆற்றின் வேகம் அவ்வளவுதான். நம் டிரம்மின் வேகத்துக்கு அதனால் ஈடு கொடுக்க முடியவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் இரு கரை தொட்டு ஓடியபோது ஜனம் பாலத்தில் நின்று பூ போட்டுக் கும்பிட்டது. நானும் போய் நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர் அழுதார்.

எதிரணி கேட்ட பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. "ஆஸ்பத்திரி ஊரான வேலூர் மாவட்டத்தில் நின்று நிதானம் பேசுகிறீர்களே, 108 ஆம்புலன்ஸ் நிதானமாக வரலாமா?" என்றார்கள். வரக்கூடாது. பறந்து வர வேண்டும். நெஞ்சு வலிக்கும் பிரசவத்துக்கும் பதமே அந்த நிமிஷம்தான். என் தாத்தா நாலு மணிக்கு மாட்டை அவிழ்த்த மாதிரிதான் அது.

ஆனால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பெயர் உலகம் முழுக்கப் போனதற்கு ஆம்புலன்ஸ் வேகமா காரணம்? 1946இல் பால் பிராண்ட் என்ற டாக்டர் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப் போன கையைப் பார்த்தார். அதுவரை விரல் அழுகி விழுவது நோயின் வேலை என்றே உலகம் நினைத்திருந்தது. அவரும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளின் கூடவே இருந்து, ஒவ்வொரு காயமாக, இது எப்படி வந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சூடான பாத்திரம், இறுக்கித் திருப்பிய சாவி, ராத்திரி தூக்கத்தில் எலி கடித்த விரல். வலி தெரியாததால் படுகிற காயம்தான் விரலைத் தின்கிறது என்று புரிந்தது. அதன்பிறகு நல்ல தசைநாரை எடுத்து, செத்துப் போன தசையின் வேலையைச் செய்ய வைத்து மடங்கிய விரலை நிமிர்த்தினார்கள். ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் வாரக்கணக்கில் கட்டு. அவிழ்த்த பிறகு அந்தக் கைக்கு எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லித்தர வேண்டும். வேறு ஒரு வேலை பார்த்த தசை, இனி விரலை நிமிர்த்த வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் இரண்டு மூன்று நாள் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்களே, ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறார்களே, ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 'டாக்டர் உட்கார வைத்துக் கேட்டார்' என்பார்கள். வேகமாகப் பார்த்து அனுப்பினார் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக எதிரணியில் பேசிய சகோதரிக்கு வருகிறேன். அவர் கேட்டதுதான் இன்றைக்கு இந்த மேடையில் கேட்ட கேள்விகளிலேயே கனமானது. "நிதானம் வசதி உள்ளவர்களின் சொத்து. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவள் நிதானமாக இருந்தால் அடுப்பு எரியுமா?" என்றார். அவர் பேசும்போது நான் குறிப்பு எழுதவில்லை. எழுத முடியவில்லை.

என் அம்மா பீடி சுற்றியவர். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதல் நாள் ராத்திரியே பீடி இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரக் கோணியில் சுற்றி வைப்பார். காலையில் இலை துணி மாதிரி துவண்டு வரும். ஸ்கூல் விட்டு வந்து, தகட்டை வைத்து இலை வெட்டிக் கொடுப்பது என் வேலை. அம்மா மடியில் முறம். ஒரு இலை, ஒரு சிட்டிகைத் தூள், உருட்டி, நுனியை நகத்தால் மடித்து, நூல் சுற்றி அறுத்தால் ஒன்று. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. ஒரு வருஷம் எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மா நாளுக்கு நூறு, நூற்றைம்பது பீடி கூடுதலாக வர வேண்டும் என்று, சரியாக ஊறாத இலையை எடுத்துச் சுற்றினார். இலை வாய் பிளந்தது. ஏஜென்ட் நாலு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அப்படியே கழித்துப் போட்டார். தூளுக்கும் இலைக்கும் காசு பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல், அன்றைக்கு நனைக்க வேண்டிய இலையை எடுத்து நனைத்தார்.

சகோதரி, என் அம்மாவுக்கு வேகம் தேவைப்பட்டது, ஒத்துக்கொள்கிறேன். அந்த வேகம் அவரை உயர்த்தியதா? அவர் ஓடியது அவருடைய வேகத்தில் இல்லை. யாரோ வைத்த கூலி ஓட்டிய ஓட்டம் அது. ஷூ கம்பெனியில் ஒரு மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் வைத்தால், அங்கே தையல் மெஷினில் இருக்கிற பெண் பாத்ரூம் போகாமல் ஓடுகிறாள். அதைப் பார்த்து 'வேகம் வாழ வைக்கிறது' என்று நாம் மேடையில் பேசலாமா?

நிதானத்தைப் பணக்காரன் யாருக்கும் தானமாகத் தரவில்லை. எட்டு மணி நேரம்தான் வேலை என்பதைத் தொழிலாளி போராடி வாங்கினான். இந்தியாவில் முதன்முதலில் மே தினக் கொடி ஏறியது நம்ம சென்னையில், 1923இல், ஏற்றியவர் சிங்காரவேலர். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் இதே தமிழ்நாட்டில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கட்சி பார்க்காமல் எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. அன்றைக்கு வீதிக்கு வந்தவர்கள் கேட்டது என்ன? பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்தை. அதைத்தான் எங்கள் அணி நிதானம் என்கிறது.

நடுவர் அவர்கள் மணி அடித்துவிட்டார். ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்கிறேன்.

அம்மா இங்கேதான் இருக்கிறார், மூன்றாவது வரிசையில். பீடி சுற்றுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் டீ கொடுத்தால் கொதிக்கக் கொதிக்க நாலு மடக்கில் முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். "ஏம்மா, ஆற வைத்துக் குடிக்கலாமே" என்று ஒரு நாள் கேட்டேன். "முறத்த மடியில இருந்து எறக்காமலே குடிச்ச பழக்கம்டி, மாத்த முடியல" என்றார்.

நன்றி. வணக்கம்.